பதறக் கூடாது

"அப்புறம்?" என்றாள் யானில்டா.

"முதல்ல பதறக் கூடாது" என்றான் அவள் கணவன் பௌலினோ.

"அதைச் சொல்லிட்டியே. அதுக்கு அப்புறம்?"

"அப்புறமும் பதறக் கூடாது."

பத்து மாதக் குழந்தை நயேலி தரையில் உட்கார்ந்து அப்பாவின் செருப்பு வாரை ருசி பார்த்துக்கொண்டிருந்தாள். பௌலினோ அதைப் பிடுங்கினான். அவள் வீறிட்டாள். அழுகையை அடக்கும் சாக்கில் அவளைத் தூக்கிக்கொண்டு அவன் கொல்லைப்பக்கம் நழுவினான்.

குழந்தைக்குத் தொண்டை அடைத்தால் என்ன செய்வது என்று மோக்கா ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் சனிக்கிழமைதோறும் பெற்றோருக்கு மூன்று மணி நேர வகுப்பு. அதில் பௌலினோ கேட்டது ஒரே ஒரு வாக்கியம். பேக்கரியில் விடிகாலை மூன்று மணிக்கே மாவு பிசையத் தொடங்குகிற மனிதன் அவன். மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி கிடைத்தது. சார்ஜண்ட் பொலாங்கோ, "முதல்ல பதறக் கூடாது" என்றார். பௌலினோ பதறவே இல்லை. கண் விழித்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். சார்ஜண்ட் அவன் கையில் சான்றிதழைத் திணித்தார்.

யானில்டா அதற்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டாள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாயங்காலமே பக்கத்து வீட்டு மிரேயா வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"தம்பி! அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நீ எங்களுக்குச் சொல்லித் தரப்போறியாமே? என் மருமக வரா, தையக்காரர் வீட்ல மூணு பேரு, மொத்தம் பதினாலு பேரு."

"யாரு சொன்னா?"

"உன் பெண்டாட்டிதான். வாய் ஓயாம உன் பெருமைதான் போ!"

"அக்கா, அதுக்கு பொம்மை வேணும். நம்மகிட்ட ஏது?"

"என் பேத்திகிட்ட நாலு இருக்கு. எது வேணும்?"

புதன்கிழமை இடுப்பு வலி என்றான். "வாயால சொல்லு, போதும். செஞ்சு காட்ட நான் இருக்கேன்" என்றாள் யானில்டா. வியாழக்கிழமை பேக்கரியில் விசாரித்தான். அடுப்புக்காரர் குழந்தையின் காலைப் பிடித்துத் தலைகீழாக உதற வேண்டும் என்றார். வண்டி ஓட்டுகிறவன் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றான். கல்லாவில் இருந்த பெண் தொண்டைக்குள் விரலை விட்டுத் தேட வேண்டும் என்றாள். மூன்று பேரும் அடித்துச் சொன்னார்கள்.

எதற்கும் பழகி வைப்போம் என்று ஒரு நீள ரொட்டியைத் துண்டில் சுற்றி, முன்கையில் கவிழ்த்து ஓங்கித் தட்டினான். ரொட்டி இரண்டாகப் பிளந்து விழுந்தது. முதலாளி வாசலில் நின்றிருந்தார்.

"ஏம்ப்பா, அது உன்னை என்ன பண்ணுச்சு?"

பௌலினோ தரையில் கிடந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏறக்குறைய நயேலியின் நீளம். பதினாலு பேர் முன்னால் மானம் போவது இருக்கட்டும். நாளைக்கே நயேலி எதையாவது விழுங்கி வைத்தால், சுவரில் தொங்கும் சான்றிதழா ஓடி வந்து காப்பாற்றும்?

சனிக்கிழமை காலை, வேலை முடிந்த கையோடு, மாவு படிந்த சட்டையுடன் தீயணைப்பு நிலையத்தில் போய் நின்றான்.

"நீ போன வாரமே சான்றிதழ் வாங்கிட்டியே?" என்றார் சார்ஜண்ட்.

"அதைக் கரப்பான் தின்னுடுச்சு சார்ஜண்ட்."

"சட்டத்தோடயா?"

சட்டம் போட்ட கதை இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. மூன்று கோப்பைக் காப்பி குடித்தான். நாற்காலியே வேண்டாம் என்று மூன்று மணி நேரமும் நின்றான். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையா, முன்கையில் கவிழ்த்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. வரவில்லையா, மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவே இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மறுபடியும் தட்டு. கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவாதே. உதறாதே, தண்ணீர் ஊற்றாதே. இருமுகிற குழந்தையை இரும விடு. சத்தமே இல்லாத குழந்தைக்குத்தான் ஆபத்து. பொம்மையை நாற்பது தடவை திருப்பிப் போட்டான்.

வீட்டுக்குப் போனதும் பொத்தான், நாணயம், பலூன், பேனா மூடி எல்லாவற்றையும் அள்ளி அலமாரி உச்சியில் வைத்தான். திராட்சையை நீளவாக்கில் நாலாக வகுந்தான். யானில்டாவும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முற்றம் நிறைந்தது. மிரேயா வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு கூடை லிமோன்சீயோப் பழம் கொண்டுவந்திருந்தாள். பச்சைத் தோலைப் பல்லால் உடைத்தால் உள்ளே வழுவழுவென்று ஒரு கோலிக்குண்டு. பேச்சு சுவாரசியத்தில் ஆளுக்கு ஆள் அதைச் சப்பிக் கொட்டையைக் காலடியில் போட்டார்கள்.

"இந்தப் பழந்தான் அக்கா முதல் எதிரி!" என்று பௌலினோ கூடையை உயரே தூக்கிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் அவன் ஒன்றைக் கவனித்தான். நயேலியின் சத்தம் கேட்கவில்லை.

மேசைக்கு அடியில் இருந்தாள். வாய் திறந்திருந்தது, அழுகை வரவில்லை. உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது.

"நயேலி!" என்று யானில்டா அலறினாள். யாரோ தண்ணீர் எடுக்க ஓடினார்கள்.

"தண்ணி வேண்டாம்! தீயணைப்புக்கு போன் போடுங்க!" என்றான் பௌலினோ.

கூடை உருண்டது. குழந்தை அவன் முன்கையில் கவிழ்ந்திருந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது தட்டில் ஒரு கொட்டை தெறித்து மிரேயாவின் செருப்பில் பட்டது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு நயேலி வீறிட்ட வீறலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

சைரன் அலற சார்ஜண்ட் பொலாங்கோ வந்து இறங்கியபோது பதினாலு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவர் குழந்தையின் மூச்சைக் கேட்டார். "நல்லாதான் இருக்கா. ஆனாலும் டாக்டர் ஒரு தடவை பார்த்துடட்டும், வண்டியில ஏறுங்க."

பௌலினோ மனைவியின் பக்கம் திரும்பினான்.

"யானில்டா, என்னை மன்னிச்சுடு. நான் பொய் சொல்லிட்டேன். அந்த முதல் வகுப்புல நான் முழுக்கத் தூங்கிட்டேன். எனக்கு ஒண்ணுமே தெரியாது. நேத்துதான் போய்க் கத்துக்கிட்டு வந்தேன்."

யானில்டா குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சார்ஜண்ட் வண்டிக் கதவைத் திறந்தார்.

"அட, ஏறுப்பா! அன்னிக்கு நீ குறட்டை விட்டப்பவே எழுப்பட்டுமான்னு உன் வீட்டுக்கு போன் பண்ணிக் கேட்டேன். 'பாவம், தூங்கட்டும், சான்றிதழையும் கையில குடுத்து அனுப்புங்க, நான் ஊரையே வீட்டுக்குக் கூப்பிட்டு வைக்கிறேன், அடுத்த சனிக்கிழமை தானா ஓடி வருவாரு'ன்னு சொன்னதே உன் பெண்டாட்டிதான்."