தண்ணீரில்லாத நாவல் கேட்ட தாழ்ப்பாள் அண்ணாச்சி

தமிழில் நாவல் எழுதிய அத்தனை பேரையும் கூண்டில் ஏற்றி விசாரிக்க உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உரிமை இருந்தது. அவர் திருவனந்தபுரத்தில் 'சாலை' என்னும் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருந்த தாழ்ப்பாள் அண்ணாச்சி. பெற்றவர்கள் ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். தாழ்ப்பாளும் கீலும் ஆணியும் விற்றவருக்கு அது தேவைப்படவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கடை மாடியில் வாடகைக்கு இருந்தேன். நான் நூலகத்தில் உறுப்பினர் என்று தெரிந்த அன்றே என்னை ருசி பார்க்கும் வேலைக்கு அமர்த்திவிட்டார். எந்த நாவலையும் முதலில் நான் படித்துப் பார்க்க வேண்டும். ஒரே நிபந்தனை, கதையில் யாரும் தண்ணீரில் மூழ்கிச் சாகக் கூடாது.

சின்ன வயதில் அவருடைய தம்பி தாமிரபரணியில் குளிக்கப் போய்த் திரும்பவில்லை. தெருவுக்கே தெரிந்த அந்த விஷயத்தை அவர் மட்டும் பேசமாட்டார். 'தம்பி' என்ற சொல்லையே வாயில் எடுக்கமாட்டார். சாலை வியாபாரிகள் எல்லோரும் "வாங்க தம்பி" என்று ஆள் பிடிக்கும்போது, இவருக்குக் கோலி விளையாடும் பொடியன்கூட 'வே'தான்.

சின்ன நிபந்தனைதானே என்று ஒப்புக்கொண்டேன். நம் எழுத்தாளர்களுக்குக் கிணறு இல்லாமல் கை ஓடாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. மாமியார் திட்டினால் கிணறு. காதலன் கைவிட்டால் குளம். பரீட்சையில் தோற்றால் ஆறு. ஒரு புத்தகத்தை அவரிடம் கொடுக்க நாலு புத்தகத்தைத் தள்ள வேண்டியிருந்தது. எனக்கே ரத்தம் கொதித்தது என்றால் அண்ணாச்சியைச் சொல்ல வேண்டுமா?

"ஏன்வே, ஊர்ல வேற சாவே இல்லையா?" என்று மேஜையைத் தட்டுவார். "காய்ச்சல்ல போகட்டும். லாரில அடிபடட்டும். தென்னமரத்துல இருந்து விழட்டும், நான் வேண்டாம்னா சொல்லுதேன்? இந்தப் பயலுவளுக்குத் தண்ணிதான் கெடச்சுதா?"

சரித்திர நாவலில் பத்தாயிரம் தலை உருண்ட போர்க்களத்தை முறுக்கு கடித்துக்கொண்டே ரசித்தார். கோட்டையைச் சுற்றி அகழி என்றதும் மூடிவிட்டார். துப்பறியும் நாவலில் பிணம் குளத்தில் மிதந்தது. எதிரே டெலிபோன் பூத் வைத்திருந்த சேட்டன் இரக்கப்பட்டு ஒரு மலையாள நாவல் கொடுத்தார். முதல் பக்கம் மழை, அடுத்த பக்கம் காயல், அதற்கடுத்த பக்கம் ஓட்டைத் தோணி. அண்ணாச்சி புத்தகத்தோடு தெருவைக் கடந்து போய்ச் சண்டை போட்டார்.

சேட்டன் கையை விரித்தார். "நம்ம நாட்டுல மழ இல்லாத்த கத எங்ஙனெ எழுதும் அண்ணாச்சீ?"

கடைசியில் ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்கதை வாய்த்தது. டைப்ரைட்டிங் படிக்கும் ஒரு வாயாடிப் பெண்ணின் கதை. மாதக்கணக்கில் குடத்துத் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் கிடையாது. அண்ணாச்சி அவளை 'நம்ம பொண்ணு' என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒரு வாரம் அத்தியாயம் இப்படி முடிந்தது: அவள் அழுதுகொண்டே ஆற்றை நோக்கி நடந்தாள். தொடரும்.

அண்ணாச்சி பூத்துக்குப் பாய்ந்தார். சென்னையில் பத்திரிகை ஆபீசுக்கே எஸ்.டி.டி. போட்டார்.

"அந்தப் பிள்ளை ஆத்துல எறங்குதா, இல்லையா? ஒத்த வார்த்தை சொல்லுங்க... அடுத்த வாரமா? அதுவரைக்கும் எனக்கு ஒறக்கம் யாரு தருவா? கையில பேனா இருந்தா யாரை வேணும்னாலும் தள்ளிவிட்டுருவியளா?"

அந்த வாரம் கீல் கேட்டவர்கள் கொக்கியோடு போனார்கள். மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை, முகம் சுண்டிப்போனது. அடுத்த இதழ் வந்த காலையில் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய் வாங்கி, நின்றபடியே படித்தேன். பாவி மனுஷன், அவளை மூழ்கடித்துவிட்டான்! இரண்டு பக்கம் வர்ணனை வேறு, படத்தோடு. பத்திரிகையைக் கசக்கி எறிந்துவிட்டுக் கடைக்கு வந்தேன்.

"கரையிலேயே நின்னுட்டா அண்ணாச்சி. செருப்பு அறுந்துபோச்சு, திரும்பிட்டா."

"ஆத்துல விழப்போறவளுக்குச் செருப்பு அறுந்தா என்னவே?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இரண்டு சாயா சொன்னார்.

பத்திரிகை எங்கே என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். "கண்ணு வலிக்கி, இனிமே நீரே சொல்லும்வே" என்றார். அன்றிலிருந்து வாராவாரம் கதையை நான்தான் ஓட்டினேன். அவளைப் பரீட்சையில் பாஸ் பண்ணவைத்தேன், வேலைக்கு அனுப்பினேன், மாப்பிள்ளை பார்த்தேன். அதிலும் சண்டைதான்.

"போன வாரம் மாப்பிள்ளைக்குப் பாங்கு வேலைன்னீரு, இந்த வாரம் தபாலாபீஸ்ங்கீரு! நம்ம பொண்ணை ஏமாத்துதானா அவன்?"

ஒரு நாள் காலண்டர் மாட்ட ஆணி கேட்டேன். வழக்கம்போல் பழைய பத்திரிகைத் தாளில் மடித்துக் கொடுத்தார். மாடிக்குப் போய்ப் பிரித்தால், அதே பக்கம். அதே ஆறு, அதே படம். தாளோடு கீழே இறங்கினேன்.

"அண்ணாச்சி, இது..."

"அன்னைக்கே வாங்கிப் படிச்சாச்சு." தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னவருக்குச் சட்டென்று கோபம் ஏறியது. "எழுதினவன் கெடக்கான், புத்தி கெட்டவன்! நம்ம பொண்ணு கரையிலதான நின்னா?"

"ஆமா அண்ணாச்சி. செருப்பு அறுந்துபோச்சு."

ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காரு தம்பி. மேல சொல்லு."

ஸ்டூலில் உட்கார்ந்து, மாப்பிள்ளையை அன்றைக்கே பாங்கில் நிரந்தரமாக்கினேன்.