எங்கள் வீட்டிலும் ஒரு நகினத்தா

முராகாமி,
மீன் காயும் மாதம்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஓகிமுரா ஹிதெனோரி அவர்களின் சமூகத்துக்கு, மீன்கடை தொகாஷி மகோஹெய் தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது.

இங்கே கடல்காற்று எழும்பிவிட்டது. கடையின் முன்கூரையில் சால்மன்கள் தலைகீழாகத் தொங்கி, போகிறவர் வருகிறவர் தோளையெல்லாம் இடிக்கின்றன. கனஸாவாவில் தங்கள் தோட்டத்துப் பைன் மரங்களுக்கு, பனிப் பாரத்தில் கிளை ஒடியாதிருக்க, கயிறு கட்டி முடித்திருப்பீர்கள். சம்பந்தியம்மாளின் முழங்கால் குளிரைப் பொறுத்துக்கொள்கிறதா? மாப்பிள்ளை தெய்ஜி வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாரா? எங்கள் பெண் சாயோ தங்கள் வீட்டில் அதிகம் வாய் பேசாமல் இருக்கிறாளா? பேசினால் அது அவளுடைய அம்மாவின் வளர்ப்பு என்று பொறுத்தருள வேண்டும்.

நிற்க. சென்ற வசந்தத்தில், கல்யாண விருந்தில், தங்கள் முன்னோர் பிரபுவின் குதிரைக்கு முன்னால் வாளேந்தி நடந்ததையும், அந்த வாள் இன்றும் பட்டுறையில் தூங்குவதையும் தாங்கள் விரிவாக எடுத்துச் சொன்னீர்கள். நானும் வாய் பிளந்து கேட்டேன். முடித்ததும் என் பக்கம் திரும்பி, "உங்க முன்னோருங்க கோட்டைக் காலத்துல என்ன பண்ணிட்டிருந்தாங்க?" என்று கேட்டீர்கள். "மீன்" என்றேன். பந்தியில் இரண்டு பேர் விசிறியால் வாயை மூடிக்கொண்டார்கள். தாங்கள் பெருந்தன்மையோடு, "ருசியான தொழில்" என்றீர்கள். அந்த ஒரு சொல் கோடை முழுக்க என் தொண்டையில் முள்ளாக நின்றது என்பதைக் கோபத்தால் எழுதவில்லை. முள் இறங்கிவிட்ட சந்தோஷத்தால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கடைக்குப் பின்னால் இருக்கும் சரக்கறை ஒழுகியது. கூரை வேலைக்கு நெமோதோவை ஏற்றிவிட்டேன். மேலே போன மனுஷன் உத்தரத்துக்குப் பின்னால் கையை விட்டு, "அண்ணே, இங்க நீளமா என்னமோ படுத்திருக்கு" என்றான். "பாம்பா?" என்றேன். "பாம்புன்னா நான் இந்நேரம் கீழ இருப்பேன்" என்று சொல்லி, எண்ணெய்க் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலத்தை இறக்கினான். பிரித்தால், சம்பந்தி, ஒரு கத்தி! முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் நீளம். நுனிப் பக்கம் போகப்போக அகன்று, பின்னால் வளைந்து எழும்புகிறது. அடிப்பக்கத்தில் குட்டையாக ஒரு பள்ளம். அதற்குக் கீழே, கம்புக்குள் செருகும் வால் அலகு மட்டும் கன்னங்கரேலென்று துருவேறி இருந்தது. அந்தத் துருவுக்குள் எழுத்து தெரிந்தது. நகினத்தா! நீண்ட கம்பின் முனையில் செருகிக் குதிரைவீரனைச் சாய்ப்பார்களே, அதேதான். நான் சரக்கறையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி மிசாவோ எட்டிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. ஆயுதத்தைப் பார்த்தால் பெண்கள் பயப்படத்தானே செய்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

எழுத்தை முழுசாகப் படிக்கும் ஆசையில், மீன்தொட்டி தேய்க்கும் கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்தேன். மிசாவோ குறுக்கே வந்து நின்றாள். "அந்தத் துரு மேல கைய வெச்சீங்கன்னா இன்னிக்கு இந்த வீட்ல சோறு கிடையாது." "உனக்கென்ன தெரியும் இதப் பத்தி?" என்றேன். "சோறு பத்தித் தெரியும்" என்றாள். பிரஷ் கிணற்றுக்குள் போய்விட்டது. பிற்பாடுதான் தெரிந்தது, அந்தத் துருவைத் தேய்த்திருந்தால் கத்தியின் வயசையே அழித்திருப்பேன் என்று. பழைய ஆயுதத்தின் வயசு அந்தக் கருப்பில்தான் இருக்கிறதாம். என் பெண்டாட்டி தெரியாமல் செய்த ஒரு நல்ல காரியம்.

கண்டெடுத்த ஆயுதத்தைப் போலீசில் சொல்ல வேண்டும் என்று நெமோதோ சொன்னதால், படுக்கை விரிப்பில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தேன். சந்து வழியாகவும் போயிருக்கலாம். கடைத்தெருவில்தான் ஆட்கள் இருந்தார்கள். காவல் சாவடியில் ஹொன்மா டீ குடித்துக்கொண்டிருந்தார். விரிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தார். "மகோஹெய் அண்ணே, யாரையாவது வெட்டிட்டு வர்றீங்களா, இல்ல இனிமேதான் போறீங்களா?" "என் முன்னோரோட ஆயுதம் இது." "முன்னோரு மேல கேஸ் போட முடியாது. மொதல்ல நீங்க அதக் கீழ வைங்க, என் தொப்பி அறுபடுது." கண்டெடுத்ததற்கு ஒரு சான்று எழுதிக் கொடுத்து, நீகாத்தாவில் நடக்கும் பதிவுப் பரிசோதனைக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே தேறாவிட்டால் கத்தி திரும்பி வராது, உருக்கப் போய்விடும் என்றும் சொன்னார். இதைச் சொன்னபோது, என் பின்னாலேயே வந்திருந்த மிசாவோ சாவடி வாசலில் நின்றாள். வீடு திரும்பும் வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் கல்யாணத்துக்கப்புறம் அப்படி ஒரு மௌனத்தை நான் கேட்டதில்லை.

பரிசோதனைக்கு அவளும் சோற்றுருண்டை கட்டிக்கொண்டு கூடவே வந்தாள். கூடத்தில் வாள், ஈட்டி என்று ஆளுக்கொன்றை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு ஊசி போட வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். என் முறை வந்தது. உஸாவா என்ற அம்மாள்தான் பரிசோதகர். கத்தியை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வால் அலகில் அரம் ராவிய கோடுகளைப் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு, "ஐயா, கையெழுத்து பொய்" என்றார். நான் விரிப்பை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். "கத்தி மெய்" என்றார். பெரிய கொல்லன் பெயரைப் பிற்காலத்தில் எவனோ பொறித்துவிட்டானாம். ஆனால் கத்தி கோட்டை கட்டிய காலத்தது, நல்ல கை அடித்தது, கூர்விளிம்பின் ஓரமாக ஓடும் வெள்ளை அலை இன்னும் உயிரோடு இருக்கிறது என்றார்.

நான் நிமிர்ந்து, "நடுவுல பல்லு பல்லா விழுந்திருக்கே, அது போர்க்காயந்தானே?" என்றேன். அம்மாள் சிரித்தார். "போர்ல விழுந்தா இப்படி இருக்காது. யாரோ சமையலறைக் கல்லுல தீட்டியிருக்காங்க. பெரிய மீனு அறுத்திருக்காங்க. முள்ளுல பட்ட பல்லு இது." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மறுபடியும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிட்டது. அப்போது அந்த அம்மாள் சொன்னார்: "ஆனா நல்லாப் பழகின கை. அறுத்து முடிச்சதும் கழுவி, ஈரம் போகத் துடைச்சு, எண்ணெய் பூசித்தான் வெச்சிருக்காங்க. அதனாலதான் இது பிழைச்சுது. பெரிய வீடுகள்லேருந்து வர்றதெல்லாம் உறைக்குள்ளயே துருப்பிடிச்சுத்தான் வருது." பதிவும் செய்துகொடுத்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் மிசாவோவைக் காணோம். வாசலுக்கு வெளியே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். காற்றில் தூசி என்றாள்.

ஆகவே சம்பந்தி, தங்களுக்குத் தெரியப்படுத்துவது என்னவென்றால், எங்கள் முன்னோர் கோட்டைக் காலத்தில் மீன்தான் விற்றார்கள். ஆனால் நகினத்தாவால் அறுத்து விற்றார்கள்! தங்கள் வாள் பட்டில் தூங்கியது. எங்களுடையது ஊருக்குச் சோறு போட்டது. இந்த ஊரில் சால்மன் வயிற்றைக்கூட நாங்கள் முழுசாகக் கிழிக்கமாட்டோம். தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொண்டு சாவது வீரனுக்கு உரியது என்று நடுவில் கொஞ்சம் விட்டுவிடுவோம். அந்த மரியாதை எங்கள் குடும்பத்துக்கு எங்கிருந்து வந்தது என்பது இப்போது எனக்கு விளங்குகிறது.

இப்போது மாதம் ஒரு முறை பராமரிப்பு. மெல்லிய காகிதத்தால் பழைய எண்ணெயைத் துடைக்கிறேன். பொடி கட்டிய துணிப்பந்தால் லேசாகத் தட்டி, மறுபடி துடைத்து, கிராம்பு எண்ணெயைச் சருகுபோல் மெலிசாகத் தடவுகிறேன். அலகை வெறும் விரலால் தொடக் கூடாது. அதன்மேல் பேசவும் கூடாது. எச்சில் தெறித்தால் துரு வரும். அதனால் வாயில் ஒரு காகிதத்தைக் கவ்விக்கொள்ள வேண்டும். "இதத் தினமும் செஞ்சா இன்னும் நல்லா இருக்கும்" என்கிறாள் மிசாவோ.

பனி இறங்குமுன் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். தங்கள் வாளையும் கொண்டுவந்தால் பராமரிப்பில் என்னாலான யோசனை சொல்வேன். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். பிள்ளைகள் இருவரும் நீடூழி வாழட்டும். எங்கள் வீட்டு மீனும் தங்கள் வீட்டுச் சோறும் என்றும் ஒரே தட்டில் சேரட்டும்.

இப்படிக்கு,
தொகாஷி மகோஹெய்

பி.கு.: சம்பந்தி அவர்களுக்கு மிசாவோ எழுதுவது. தபாலில் போடச் சொல்லி இவர் கடிதத்தை என்னிடம் தந்தார். ஒட்டுவதற்குமுன் இரண்டு வரி. அந்தக் கத்தி என் கல்யாணச் சீரில், துணிப்பெட்டியின் அடியில், இவர் கண்ணில் படாமல் வந்தது. எங்கள் வீட்டில் பெண்கள் புகுந்த வீட்டுக்கு அதைக் கொண்டுபோவது வழக்கம். என் அம்மா வழி முன்னோர் கோட்டை வாசல் காவலர்கள். வந்த வருஷமே மீன் குவிந்த நாளில் கடைக்கத்தி உடைந்தது. இவர் படகுத்துறையில் இருந்தார். நான் இதை எடுத்து அறுத்தேன். நன்றாக அறுத்தது, இரண்டு மூன்று பருவம், இவர் துறைக்குப் போகும் நேரமெல்லாம் அதனால்தான் அறுத்தேன். பிறகு, இவருக்குத் தெரிந்தால் ஊர் முழுக்கச் சொல்லிக் கடையைக் கவனிக்கமாட்டார் என்று நானே உத்தரத்துக்குப் பின்னால் வைத்தேன். போலீஸ் என்றதும் எனக்கு வாய் அடைத்துவிட்டது. அப்புறம் இவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை. எனக்குப் பின்னால் அது சாயோவுக்கு, அதாவது தங்கள் வீட்டுக்கு வரும். தாங்கள் வரும் நாளில் இவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்வார். தயவுசெய்து இடையில் எதுவும் கேட்காமல் கேளுங்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறவள் மாதிரி கேட்பேன்.