இரண்டு பீப்பாய்களும் ஒரு கதிரையும்

தியாகராஜா இரண்டு தார்ப் பீப்பாய்களுக்கு நடுவே நின்றார். எதிரே இருந்த ஆமிக்காரன் குனிந்து அவருடைய கால்களைப் பார்த்தான். இரண்டு கணுக்கால்களிலும் தீப்பெட்டி அளவில் ஒவ்வொரு பெட்டி. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு வெளிச்சம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

யுத்தம் உச்சத்தில் இருந்த வருடம். காலில் வெளிச்சம் மின்ன ஒரு யாழ்ப்பாணத்துத் தமிழர் கண்டிச் சோதனைச் சாவடிக்குள் நுழைவது அவ்வளவு புத்தியான காரியம் அல்ல.

'பிள்ளையாரே, மறிச்சுப் போட்டான்' என்று நினைத்தார்.

பெட்டிகள் டொக்டர் கட்டிவிட்டவை. பார்க்கின்சன் வருத்தக்காரர் வீதியில் எப்படி நடக்கிறார், எந்த இடத்தில் கால் நிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்பதை அவை அடி அடியாகப் பதிந்து வைக்கும். மூன்று நாள் கட்டியிருக்க வேண்டும்.

மனைவி மங்களேஸ்வரி அன்றைக்கே தீர்ப்பை எழுதிவிட்டாள்.

"பெட்டி நல்லது சொன்னால் கோயிலுக்குத் தனியப் போங்கோ. இல்லாட்டி நான் கையைப் பிடிச்சுக்கொண்டு வருவன்."

ஓய்வுபெற்ற தபாலதிபருக்குக் கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் தனியே போய்வரும் அரை மைல்தான் மிச்சமிருந்த சுதந்திரம். மனைவியோடு போனால் பிள்ளையாரிடம்கூட அவள்தான் கதைப்பாள்.

ஆமிக்காரன் சிங்களத்தில் ஏதோ கேட்டான். தியாகராஜாவுக்கு அந்த மொழியில் தெரிந்தது, சரி என்பதற்கான "ஹரி" ஒன்றுதான். அதைச் சொன்னார். அவன் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து அவரை இருத்தினான்.

விசாரணை!

கொஞ்ச நேரத்தில் அவரை எழுப்பி, துவக்குப் பிடியால் தரையில் தட்டி, "வம, தகுண, வம, தகுண" என்று கத்தினான். இடது வலது என்று அணிநடைக்குக் கத்துவது அவருக்குக்கூட விளங்கியது. பயத்தில் கால்கள் தாமாகவே நடந்தன.

"அறுபத்தெட்டு வயசில எனக்கு ட்ரில் பழக்கிறான்" என்று பிள்ளையாரிடம் முறையிட்டார். மனைவியிடம் மூச்சுவிடவில்லை.

இரண்டாம் நாள், பெட்டி கட்டியபோது டொக்டர் தந்த ஆங்கிலக் கடிதத்தோடு போனார். பீப்பாய்களுக்கு நடுவே நின்று நீட்டினார். அதைப் படித்த ஆமிக்காரன் இன்னொருவனைக் கூப்பிட்டான். இருவரும் இரண்டு பக்கமும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கைதேதான்!

மூன்றாம் நாள் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. அவர்கள் கேட்குமுன் தாமே பணிந்துவிட்டால்? இருபது யார் தூரத்திலிருந்தே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நடந்தார். பீப்பாய்க்கு வந்தபோது உடம்பு ஒருபக்கம் சரிந்தது. மூன்று பேர் ஓடிவந்து பிடித்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து "வம, தகுண" என்றார்கள். கம்பளை பஸ்ஸில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் டொக்டர் வரைபடத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"மற்ற இடமெல்லாம் நல்லம் ஐயா. ஆனா வீட்டில இருந்து அறுநூறாவது அடியில கால் ஒட்டிப்போகுது. முதல் நாள் ரெண்டு நிமிசம், பிறகு நாலு, நேற்று ஏழு."

மங்களேஸ்வரி கைப்பையை இறுக்கிக்கொண்டாள். "நான் சொன்னனான்தானே?"

தியாகராஜாவுக்கு வேறு வழி இருக்கவில்லை.

"டொக்டர், அது வருத்தமில்லை. அந்த இடத்தில ஆமிக்காரர் மூண்டு நாளும் என்னை மறிச்சு வைச்சவங்கள்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு சிவப்புப் பேனாவால் அந்த மூன்று இடத்தையும் வெட்டினார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. இது நோயில்லை, நாட்டு நிலைமை. நீங்கள் தாராளமாத் தனியப் போகலாம்."

மங்களேஸ்வரியின் கண் கலங்கியது. ஆனால் வாசலில் காத்திருந்த மர்சூக்கின் ஆட்டோவில் ஏறியதும் கலக்கம் கோபமாக மாறியது.

"தம்பி மர்சூக், உங்களுக்குச் சிங்களம் நல்லாத் தெரியும்தானே? அந்தச் சாவடியில நிப்பாட்டுங்கோ. வருத்தக்கார மனுசனை ஏன் மறிக்கிறியள் எண்டு மரியாதையாக் கேளுங்கோ."

"இஞ்சரும், வேண்டாம், விடும்" என்றார் தியாகராஜா.

"நீங்கள் பேசாம இருங்கோ!"

மடவளை மர்சூக் தயங்கித் தயங்கி இறங்கிப் போனான். ஆமிக்காரன் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்து, தியாகராஜாவைக் கண்டு கையசைத்தான். இருவரும் வெகுநேரம் கதைத்தார்கள். மர்சூக் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தான்.

"என்னவாம் தம்பி?"

"உம்மா, ஐயாவ அவங்க ஒருநாளும் நிப்பாட்டினதே இல்லயாம், அவர்தான் பீப்பாய்க்கு நடுவில வந்து நிக்கிறாராம், அந்த ஆமிக்காரர்ட வாப்பாவுக்கும் இதே வருத்தமாம், ஒடுக்கமான இடத்தில கால் ஒட்டிப்போகுமாம், வம தகுண செல்லிக் குடுத்தாத்தான் கால் எழும்புமாம், நாளைக்கும் கதிரை வெச்சிருப்பாராம்."