நாற்பத்தேழாம் எண் தேவையில்லை

என் மனைவியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தே தீருவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை தீர்மானம் செய்தேன். அவள் எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. வேலைக்குப் போயிருந்தாள். அதுவும் எங்கள் ஆபீசுக்கே.

இருபத்தாறு நாடுகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. அதன் தலைமை ஆறு மாதத்துக்கு ஒரு நாடாகச் சுற்றி வரும். எங்கள் முறை வந்தது. ஆறு மாதமும் கூட்டம், விருந்து, கொடி, கைகுலுக்கல். இருக்கிற ஆட்கள் போதாது என்று தற்காலிகமாக நூற்றிருபது பேரை எடுத்தார்கள். இருக்கிற ஆட்கள் என்றால் நாங்கள். நான் பணியாளர் பிரிவில் இருபத்தெட்டு வருஷமாக நிரந்தரம். ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்தால் அதுவும் நிரந்தரம்.

ஆள் எடுக்கிறார்கள் என்று வீட்டில் உளறியது நான்தான். என் வாய்க்கு என்றைக்குமே நல்ல புத்தி கிடையாது. நேர்முகத் தேர்வில் அவளிடம் முன் அனுபவம் கேட்டார்களாம்.

"எங்க நாத்தனாரையும் எங்க அண்ணியையும் இருபது வருஷமா எந்த விசேஷத்துலயும் பக்கத்துல பக்கத்துல உக்காராம பாத்துக்கிட்டவ நான்."

அங்கேயே எடுத்துக்கொண்டார்கள். இருக்கைப் பிரிவு. எந்த நாட்டுக்காரர் பக்கத்தில் எந்த நாட்டுக்காரரை உட்கார வைக்கலாம், யாரை வைக்கவே கூடாது என்று முடிவு செய்கிற வேலை. தற்காலிகக்காரர்களுக்கு ஆபீசில் பெயர் கிடையாது, எண்தான். அவள் நாற்பத்தேழு. நான் அவள் புருஷன் என்று அங்கே யாருக்கும் தெரிய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு இறங்குமுகம். சாயங்காலம் மூன்று மாடி ஏறி வந்தால் கதவில் பூட்டு. சாவி எந்தப் பாக்கெட்டில் என்று தேடி, உள்ளே சுவிட்சைத் தடவி, காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். பேச ஆள் கிடையாது. திட்டவும் ஆள் கிடையாது, அதுதான் ரொம்பக் கஷ்டம். முப்பது வருஷம் திட்டு வாங்கிப் பழகின காது இது. ஏழு மணிக்கு அவள் வருவாள், முகமெல்லாம் வெளிச்சமாக. அந்த வெளிச்சத்துக்குக் காரணம் நான் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆறாவது மாதம் கொடிகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். விடாத மழை. நனைந்த கொடிகளை வராந்தாவில் கயிறு கட்டிக் காயப்போட்டிருந்தார்கள். ஆபீசே இழவு வீடு மாதிரி இருந்தது. எனக்கு மட்டும் மனசு லேசானது. மாசக் கடைசியோடு நாற்பத்தேழு வீட்டுக்கு.

அப்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை என் மேஜைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. 'இத்துறையிலேயே நிரந்தரமாகப் பணிபுரிய அனுமதிக்க வேண்டுகிறேன். எண் 47.'

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். நிரந்தரம் என்றால் ஆயுசுக்கும் பூட்டின கதவு. பேனாவை எடுத்தேன்.

'எண் 47 இருக்கை ஏற்பாடு தவிர வேறெந்தப் பணியும் செய்தவரல்லர். அப்பணியில் மிகுந்த தேர்ச்சி பெற்றவர். எனினும், தலைமை மீண்டும் நம்மிடம் வரப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகும். எனவே இவர் இத்துறைக்குத் தேவையில்லை. மாத இறுதியில் விடுவிக்கலாம்.'

மிகுந்த தேர்ச்சி என்று எழுதியது மனசாட்சிக்காக. கட்டின மனைவியாச்சே.

எங்கள் அதிகாரிக்குப் 'பார்க்கலாம்' என்று பட்டப்பெயர். யார் எதைக் கேட்டாலும் அதுதான் பதில்.

"என்னய்யா, வந்த அன்னிக்கே முடிச்சிட்டே? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அவசரம் சார்."

"யாருக்கு?"

"துறைக்கு."

ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மாட்டோம் என்கிற கடிதத்தில் கையெழுத்துப் போட அவர் என்றைக்கும் யோசித்தது கிடையாது.

மாசக் கடைசி. தெருவிலிருந்தே பார்த்தேன், எங்கள் ஜன்னலில் விளக்கு. மூன்று மாடியையும் ரெண்டு ரெண்டு படியாக ஏறினேன். உள்ளே பெரிய பெட்டி திறந்து கிடந்தது. அவள் புடவை மடித்துக்கொண்டிருந்தாள்.

"துணியெல்லாம் ஏன் வெளியே கெடக்கு?"

"உள்ள வெக்கத்தான். ஞாயித்துக்கிழமை பிளைட்டு."

"எங்கே?"

"அடுத்து தலைமை வாங்குற நாட்டுக்கு. அவங்களுக்கு இருக்கை போடத் தெரிஞ்ச ஆளுங்க வேணுமாம். எங்க பிரிவுல ஒம்பது பேரையும் ரெண்டு மாசம் முன்னாடியே கேட்டாங்க."

"ஒம்பது பேருமா போறீங்க?"

"நான் மட்டுந்தான். 'இந்த ஆள் எங்களுக்குத் தேவையில்லை'ன்னு பழைய துறை எழுத்துல குடுத்தாதான் அங்க சேத்துப்பாங்க. மத்தவங்க பாவம், எங்களை விடுவிங்கன்னு ஒழுங்கா விண்ணப்பம் போட்டாங்க. உங்க பிரிவுல ரெண்டு மாசமா பார்க்கலாம், பார்க்கலாம்தான்."

அந்த எட்டு விண்ணப்பமும் என் மேஜையில்தான் இருக்கிறது. டம்ளர் வைக்க வாகான உயரம்.

"நீ நிரந்தரம் வேணும்னுல்ல எழுதியிருந்தே?"

"ஆமா. போகணும்னு கேட்டா அதும்மேல டம்ளர் வெப்பீங்க. இருக்கணும்னு கேட்டா ஒரே நாள்ல துரத்துவீங்க. முப்பது வருஷமா குடித்தனம் பண்றேன், இதுகூடத் தெரியாதா?"

நான் எழுதின கடிதத்தைப் புடவைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்தாள்.

"மிகுந்த தேர்ச்சின்னு எழுதியிருக்கீங்க. வாயால ஒரு தடவை சொல்லியிருக்கலாம்."

"போகாதே. இந்த வீட்ல தனியா என்னால முடியலை" என்றேன். அவள் கை ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் அடுத்த புடவையை எடுத்தது.

"ஆறே மாசம். தற்காலிகம்தாங்க."

"அது வரைக்கும் வீட்டுல யாரு?"

பெட்டி மூடவில்லை. என்னை அதன் மேல் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன்.

"நீங்கதான் நிரந்தரமாச்சே" என்று எனக்குக் கீழே பெட்டியைப் பூட்டினாள்.