சந்தைத் தெருவுக்கு ஹெச்.டி. ரோடு வந்த விவரம்

பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறி நடுவழியில் இறங்கினால் ஒரு ஊர் வரும். ஊர் பெயரைச் சொன்னால் அலுவலகம் எது என்று தெரிந்துவிடும். அந்த அலுவலகத்தில் எனக்கும் ஒரு மனு நிலுவையில் இருப்பதால், பொதுநலன் கருதி ஊர் பெயர் இங்கே தவிர்க்கப்படுகிறது.

அந்த ஊர்ச் சந்தைத் தெருவில் பதினான்கு வீடுகள். ரோடு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் இருந்தது. முதல் வருஷ மழையில் ஜல்லி போயிற்று. இரண்டாம் வருஷ மழையில் மண் போயிற்று. மூன்றாம் வருஷம் கல்லாகிப்போன நத்தை ஒன்று மேலே வந்தது. திருச்சியிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்து பள்ளத்துக்குள் இறங்கி, இங்கே கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் கடல் இருந்தது என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தெருக்காரர்களுக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. கடல் வற்றியதும் யாராவது வந்து ரோடு போட்டிருக்கலாம் என்றுதான் அவர்களுக்குத் தோன்றியது.

பதினான்கு வீட்டாரும் கையெழுத்துப் போட்ட மனுவைத் தூக்கிக்கொண்டு திங்கட்கிழமை தோறும் அலைந்தவர் நஜீமுதீன். சார்ஜாவில் பதினாறு வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். மற்றவர்களுக்கு ரோடு ஒரு வசதி. அவருக்கு அது மகளின் வாழ்க்கை.

அஸ்ரினுக்கு லெப்பைக்குடிக்காட்டில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பேசி முடிக்க வந்த அன்று மாப்பிள்ளை காமிலின் தாயார் ரஹ்மத் அம்மாள் புதுப் பட்டுச்சேலையோடு வேனிலிருந்து இறங்கி, மூன்றாவது எட்டில் கடலுக்குள் போய்விட்டார். தூக்கியெடுத்து, கால் கழுவி, நாற்காலியில் உட்கார வைத்த பிறகு கோபப்படாமல்தான் பேசினார்.

"பொண்ணு தங்கமான பொண்ணு சம்மந்தி, ஒரு குறையும் இல்ல. ஆனா கத்தார்லேருந்து எங்க சொந்தக்காரவுங்க அம்பது பேரு வருவாங்க. இந்தத் தெருவ அவங்க பாக்கக் கூடாது. ரோடு வரட்டும், தேதி வச்சுக்குவோம்."

அதன் பிறகு இருபத்து மூன்று திங்கட்கிழமைகள் கழிந்தன. மனு பரிசீலனையில் இருந்தது, பிறகு தீவிரப் பரிசீலனையில் இருந்தது. மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் நஜீமுதீன் மொட்டை மாடியிலேயே இருக்க ஆரம்பித்தார். சும்மா இருக்க முடியாமல், சார்ஜாவிலிருந்து கொண்டுவந்திருந்த ரிமோட் கார்களை வெளியே எடுத்தார்.

இப்போதெல்லாம் ஒரு காரியத்தைச் சும்மா செய்தால் அது பொழுதுபோக்கு. பேனர் வைத்துச் செய்தால் சாம்பியன்ஷிப். ஆகவே "இரு மாவட்ட மாதிரிக் கார் பந்தய சாம்பியன்ஷிப்" அறிவிக்கப்பட்டது. குரும்பலூரிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் ஐந்து பேர் வந்தார்கள். திருமானூரிலிருந்து டிராக்டர் மெக்கானிக் பிரேம்குமார் வந்ததால் அரியலூர் மாவட்டமும் கலந்துகொண்டதாக ஆயிற்று.

மாடி ஒழுகாமல் இருக்க வாங்கி வைத்த தார் ஷீட்டை இரண்டரை அடி அகலத்துக்கு வெட்டி, மாடியைச் சுற்றி ஒட்டினார் நஜீமுதீன். அவர் மனைவி ருமைசா பிரஷ்ஷைப் பிடித்து நடுவில் வெள்ளைக்கோடு போட்டாள். துணி சோப்பைச் செதுக்கி மைல்கல் வைத்தார்கள். வீடியோ எடுக்கும் கேமராவை எறும்பு நின்று பார்க்கும் உயரத்தில் தரையோடு தரையாக வைத்தார்கள். ஹை-டெபனிஷன் என்றால் அப்படி ஒரு ஹை-டெபனிஷன். தாரில் ஒவ்வொரு பொட்டும் தெரிந்தது. ஒரு முழ நீளக் கார், அமைச்சர் வண்டி வருகிற மாதிரி வந்தது. பிரேம்குமார் ஜெயித்தான். "சந்தைத் தெரு கார் பந்தயம், இறுதிச் சுற்று" என்று பெயர் கொடுத்து நஜீமுதீன் வீடியோவை நெட்டில் ஏற்றினார். எடுத்த இடம் எது என்பதைக் கேமரா தானாகவே குறித்துக்கொண்டது.

நான்காம் நாள் போனில் செய்தி வந்தது. "தங்கள் மனுவின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு, சாலை வசதி உறுதி செய்யப்பட்டு, மனு முடிக்கப்பட்டது. ஆதாரம்: காணொளி." திறந்து பார்த்தால் பிரேம்குமார் கார் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் மனு வாங்க ஒரு பிரிவு உண்டு, வைத்திருக்க ஒரு பிரிவு உண்டு. முடிப்பதற்கென்று இந்த வருஷம் புதிதாக மனு முடிவாக்கப் பிரிவு தொடங்கியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் எல்லா மனுவும் முடிய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அதே இடத்தில் எடுத்த படம் ஆதாரமாக இருக்க வேண்டும் என்பது உத்தரவு. உதவியாளர் சசிகலா நெட்டில் தேடிச் சந்தைத் தெரு ரோட்டைக் கண்டுபிடித்ததற்காகப் பாராட்டுச் சான்றிதழ் வாங்கி, கண்ணாடி போட்டு மேசைமேல் வைத்திருந்தாள். கண்காணிப்பாளர் செல்லதுரை நஜீமுதீனை எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க பாய். ரோடு எப்படி இருக்கு?"

"சார், அது பொம்மை ரோடு."

"ரோடுதானே?"

"எங்கூட்டு மொட்டை மாடில இருக்கு சார்."

"வூடு எந்தத் தெருவுல இருக்கு?"

"சந்தைத் தெருவுல."

"அப்ப சந்தைத் தெருவுலதான் ரோடு இருக்கு. இடம் ஒத்துப்போகுதுன்னு கம்ப்யூட்டரே சொல்லுது. அதுக்குத் தரை, மாடின்னு வித்தியாசம் கிடையாது."

"அந்தக் காரு ஒரு முழந்தான் சார்."

"வண்டியோட அளவு எங்க பிரிவுல வராது பாய். அதுக்கு நீங்க போக்குவரத்து ஆபீஸைத்தான் பாக்கணும்."

நஜீமுதீன் போனில் எடுத்திருந்த பள்ளத்தின் போட்டோவைக் காட்டினார். செல்லதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மங்கலா இருக்கே. அது எவ்ளோ தெளிவா இருக்கு பாருங்க. மங்கலான ஆதாரத்த வச்சுத் தெளிவான ஆதாரத்த மாத்தறதுக்கு விதியில இடமில்ல."

நியாயமான பேச்சு என்றே நஜீமுதீனுக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போய் அதே கேமராவைத் தெருவில் வைத்து, அதே தெளிவோடு பள்ளத்தைப் படம் எடுத்தார். நத்தைக் கல்லின் சுழிகூடத் தெரிந்தது. மறுநாள் செல்லதுரை அதை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

"நல்ல தெளிவு. சசிகலா, குறிச்சுக்கங்க. போன வாரம் ரோடு இருந்திருக்கு, இந்த வாரம் இல்ல." நஜீமுதீன் பக்கம் திரும்பினார். "நடுவுல என்ன பண்ணுனீங்க?"

"நாங்க என்ன சார் பண்ணுனோம்?"

"பதினாலு வூட்டுக்காரங்க இருக்கீங்க. ரோட்டப் பேத்து எடுத்தது யாரு? இது பொதுச் சொத்துக்குச் சேதம்."

சசிகலா பதினான்கு நோட்டீசுக்குத் தாள் எண்ண ஆரம்பித்தாள். செல்லதுரை மனசு இளகியவர். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இந்த வீடியோவ நீங்க குடுத்ததா எழுதிக்கவா, குடுக்காததாவா?"

"குடுக்கல சார்," என்றார் நஜீமுதீன்.

ரோட்டை அளந்து பதிவேட்டில் ஏற்றுவதற்காகச் செல்லதுரையும் சசிகலாவும் அடுத்த வாரம் நேரில் வந்தார்கள். ஜீப் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. செல்லதுரை பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வந்து சேர்ந்தார். மாடிக்கு ஏறியதும் கால் கழுவி, ஷூவைப் போட்டுக்கொண்டு ரோட்டில் நடந்து பார்த்தார். சசிகலா டேப் பிடித்தாள்.

"சார், ரெண்டரை அடிதான் இருக்கு. எஸ்டிமேட்ல பன்னெண்டு அடி."

செல்லதுரை சுற்றும் முற்றும் பார்த்தார். "மிச்சம் ஒன்பதரை அடிய இவர் மாடி ஆக்கிரமிச்சிருக்கு."

"சார், இது என் வூடு," என்றார் நஜீமுதீன்.

"ரோட்டு மேல வூடு கட்டுனா அது ஆக்கிரமிப்பு. ரோட்டுக்குக் கீழ கட்டுனா என்னன்னு விதியில இல்ல. மேலிடத்துக்கு எழுதிக் கேக்கறோம். அதுவரைக்கும் பொதுமக்கள் போக வரத் தடை பண்ணாதீங்க."

பொதுமக்கள் வந்தார்கள். ரீல்ஸ் எடுக்கிறவர்கள் கேமராவோடு படுத்துக்கொண்டு எடுத்தார்கள். எதிர்வீட்டுக் கலியம்மாள் ஒரு மூட்டை மக்காச்சோளத்தைக் கொண்டுவந்து வளைவில் காயப் பரப்பினாள். "ரோடு சும்மாத்தானே கெடக்குது பாய்," என்றாள். இரண்டு மாவட்டத்திலும் ரோடு போட்டால் முதலில் நடப்பது அதுதான் என்பதால் நஜீமுதீனால் மறுத்துப் பேச முடியவில்லை.

அந்த வாரம் ரஹ்மத் அம்மாள் போன் செய்தார்.

"சம்மந்தி, வீடியோவ கத்தார்ல எல்லாரும் பாத்துட்டாங்க. மாஷா அல்லாஹ், என்னா ரோடுன்னு ஒரே பேச்சு. கவர்மெண்டு லிஸ்ட்லயும் ஏறிடுச்சாமே."

நஜீமுதீன் பொய் சொல்லிப் பழகாதவர். "அது எங்க மாடில இருக்குங்க. தெரு நீங்க பாத்த மாதிரியேதான் இருக்கு."

இதோடு மகளின் கல்யாணம் நின்றுபோயிற்று என்று நஜீமுதீன் நினைத்துக்கொண்டார்.

"கத்தார்க்காரங்க ஒருத்தருக்கும் லீவு கிடைக்கல," என்றார் ரஹ்மத் அம்மாள். "எல்லாரும் போன்லதான் பாக்கப் போறாங்க. போன்ல ரோடு இருக்குல்ல?"

"இருக்குங்க."

"அப்புறம் என்ன. லிஸ்ட்லேருந்து மட்டும் எடுத்துடாம பாத்துக்குங்க. எவனாச்சும் தேடிப் பாத்து இல்லன்னு சொன்னா எங்க மானம் போயிரும். ரெண்டாந் தேதி நிக்காஹ் வச்சுக்குவோம், இன்ஷா அல்லாஹ்."

அஸ்ரின் அன்றைக்குத்தான் மாதக்கணக்குக்குப் பிறகு சிரித்தாள்.

நிக்காஹ் நாளில் நல்ல மழை. மாப்பிள்ளை காமில் ஷெர்வானியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி தெருவைக் கடந்தார். பந்தலில் பெரிய திரை வைத்திருந்தார்கள். அதில் பூ அலங்காரம் செய்த ஒரு முழக் கார், கறுகறுவென்ற ரோட்டில் அலுங்காமல் வந்து நின்றது. முழங்கால் வரை சேற்றோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். கத்தாரிலிருந்து ஆயிரம் லைக் வந்தது.

மதியம் பிரியாணிப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது பதினான்கு போன்கள் ஒரே நேரத்தில் அடித்தன. மனுவில் கையெழுத்துப் போட்ட பதினான்கு பேரும் இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார்கள். பதிவு செய்த பெண்குரல் ஒன்று பேசியது.

"தங்கள் மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையில் திருப்தி எனில் எண் ஒன்றை அழுத்தவும். திருப்தி இல்லை எனில் எண் இரண்டை அழுத்தவும். இரண்டை அழுத்தினால் இச்சாலை பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டு, புதிய சாலைக்கு மனு மீண்டும் பரிசீலிக்கப்படும்."

பந்தி அப்படியே நின்றது. எல்லோரும் நஜீமுதீனைப் பார்த்தார்கள். இத்தனை திங்கட்கிழமை அலைந்ததும் இந்த இரண்டை அழுத்தத்தான் என்று அவருக்குத் தெரியும். மேடையில் அஸ்ரின் இருந்தாள். பக்கத்தில் ரஹ்மத் அம்மாள் இவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருக்காரர்களிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று வெட்கமாக இருந்தது.

"கலியம்மா, என்னால ரெண்ட அமுக்க முடியாது," என்றார். "நீங்கள்லாம் உங்க மனசுப்படி அமுக்குங்க."

"நான் அப்பவே ஒண்ண அமுக்கிட்டேன் பாய்," என்றாள் கலியம்மாள். "எம்மவன் நல்லதம்பிக்குச் சேலத்துல பொண்ணு பாத்திருக்கோம். அவங்களுக்கும் வீடியோதான் அனுப்பிருக்கேன்."

மற்றவர்களும் ஒன்றை அழுத்திவிட்டுத்தான் அவரைப் பார்த்திருக்கிறார்கள். நஜீமுதீன் கடைசியாக அழுத்தினார். பெண்குரல் நன்றி சொன்னது.

"பயனாளிகளின் முழுத் திருப்தியைக் கருத்தில் கொண்டு, இச்சாலைக்கு அடுத்த பத்து ஆண்டுகளுக்கு எவ்விதப் பணியும் தேவையில்லை என முடிவு செய்யப்பட்டுள்ளது."

பந்தி மறுபடி நடந்தது. கலியம்மாள் இன்னொரு துண்டு கறி கேட்டு வாங்கினாள். சாப்பிட்டு முடித்தவர்கள் கைகழுவிவிட்டு, வேட்டியையும் சேலையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார்கள். பாதிப் பேருக்கு வெளிநாட்டிலிருந்து வீடியோ கால் வந்தது. ரோடு பிரமாதம் என்று சொல்லிக்கொண்டே, கால் தெரியாதபடி போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.