கரண்டியாரின் கைக்கொக்கி

எதிரே வந்தால் ஊரே ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுகிற ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து கரண்டியார்தான். வேலூர் ரோட்டில் மணல் லாரிக்குக்கூட அந்த மரியாதை கிடையாது.

காரணம் அவருடைய தொழில். கிணற்றில் வாளி விழுந்தால் எடுக்கிற பாதாளக் கரண்டி தெரியுமல்லவா, வளையம் முழுக்கக் கொக்கியாகத் தொங்குமே, அதை வைத்திருந்தார். வாளியும் குடமும் எடுத்துக்கொண்டிருந்தவரை யாரோ ஒருநாள் ஆளை எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்றோடு சரி. திருவண்ணாமலையைச் சுற்றி எந்தக் கிணற்றில், எந்தக் குளத்தில் யார் போனாலும் கரண்டியார்தான். வாளி விழுந்தால் மட்டும் ஒருத்தரும் கூப்பிடுவதில்லை. சொந்தப் பெயர் அவர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் அவர் வீட்டைத் தாண்டிக் குதித்து அடுத்த வீட்டுக்குப் போவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் விஞ்ஞானக் கதை எழுதினார் என்றால் நம்புவீர்களா?

தொண்ணூறுகளில் அதே ரோட்டில் ஒரு மாடியில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். மத்தியானம் பசங்க இல்லாத நேரமாகப் பார்த்து வருவார். கோடு போட்ட நோட்டை நீட்டுவார்.

"சார், இத கொஞ்சம் அடிச்சுக் குடுங்க. பத்திரிகைக்கு அனுப்பணும்."

மொத்தம் பதினோரு கதை. பதினொன்றும் ஒரே கதை. கி.பி. மூவாயிரம். விண்காவலர் மதியழகன். அவர் மணிக்கட்டில் கடிகாரம் மாதிரி ஒரு கருவி. பட்டனை அழுத்தினால் விர்ரென்று கயிறு பாயும். நுனிக் கொக்கி விரியும். விழுகிற ஆளைக் கவ்விச் சுருட்டிக்கொண்டு மேலே வரும். செவ்வாயில் பள்ளத்தில் விழுந்தாலும் சரி, சனியின் வளையத்தில் வழுக்கினாலும் சரி, மதியழகன் கப்பென்று பிடித்துவிடுவார்.

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். "யோவ், ஒருத்தனாவது விழுந்து சாகட்டும்யா. அப்பத்தான் கதைல விறுவிறுப்பு இருக்கும்."

"சாவுறதத்தான் தெனம் பாக்குறனே சார். கதையிலயும் எதுக்கு?"

அவர் எழுதினபடியே அடித்துக் கொடுத்தேன். கதைகள் பதினொன்றும் போன வேகத்தில் திரும்பி வந்தன.

எழுதினது போதாதென்று கருவியையே, கைக்கொக்கி என்று பெயர் வைத்து, செய்ய ஆரம்பித்தார். ஸ்கூட்டர் கிளட்ச் கேபிள், நீளமான நைலான் கயிறு, எங்கிருந்தோ கழற்றிய பெரிய ஸ்பிரிங், மாட்டுக் கழுத்துப் பட்டை, புதுக் கம்பியில் வளைத்த மூன்று கொக்கி. விழுந்தவருக்குக் குத்திவிடக் கூடாதென்று கொக்கிக்கெல்லாம் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தார். முதல் சோதனை என் மாடியிலிருந்துதான். எதிர்க்கடை வாழைப்பழத்தைச் சீப்போடு தூக்கிக்கொண்டு ஓடிய குரங்கைக் குறி வைத்தார். கொக்கி அதன் இடுப்பில் கச்சிதமாக மாட்டியது. அதற்குப் பிறகு யார் யாரைப் பிடித்தார்கள் என்பதில்தான் குழப்பம். குரங்கு இழுத்த இழுப்பில் கரண்டியார் கைப்பிடிச் சுவரில் மடங்கித் தொங்கினார். நான் பாய்ந்து வேட்டியைப் பிடித்தேன். வேட்டி மட்டும் என் கையோடு வந்தது. கீழே ஜனம் கைதட்டியது. குரங்கு கடைசிவரை பழத்தை விடவேயில்லை.

"இத வச்சு என்னய்யா பண்ணப் போறீங்க?" என்றேன், வேட்டியைக் கொடுத்தபடி.

வீங்கிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஒரே ஒருத்தர சார். உசுரோட ஒருத்தர தூக்கிட்டாப் போதும். அப்புறம் அந்தப் பழைய கரண்டிய தூக்கிப் போட்டுட்டு வேற வேலைக்குப் போயிடுவேன்."

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் கரண்டியார் என் மாடியில் உட்கார்ந்திருந்தார். கீழே எஸ்.டி.டி. பூத்தில் ஒருத்தர் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். "வேங்கிக்கால் தாண்டி மல்லாட்டைக் கொல்லைக் கெணறுங்க! ஒரு பொம்பள விழுந்துட்டாங்க! உசுரோடதான் இருக்காங்க, சீக்கிரம் வாங்க!"

'உசுரோட' என்றதும் கரண்டியார் முகத்தைப் பார்க்கணுமே. கல்யாண மாப்பிள்ளை தோற்றான். கைக்கொக்கியை எடுத்துக்கொண்டு, கரண்டிப் பை தோளில் ஆட, என் மொபெட்டில் ஏறி முதுகில் தட்டினார். "ஓட்டுங்க சார்!"

வேர்க்கடலைக் கொல்லை நடுவே இருந்த கிணற்றின் ஒரு பக்கம் மழையில் சரிந்து, கரையில் நின்றவளும் சேர்ந்து விழுந்திருக்கிறாள். கழுத்தளவு தண்ணீரில் பம்புசெட் பைப்பைக் கட்டிப் பிடித்திருந்தாள். யார் இறங்கினாலும் மிச்ச மண்ணும் சரியும். கயிறு எடுத்துவர வீட்டுக்கு ஆள் ஓடியிருந்தது.

கரண்டியாரைப் பார்த்ததும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். "ஐயையோ, கரண்டி வந்துடுச்சே!"

கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. "நான் இன்னும் சாவலடி, வாய மூடுங்கடி!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை நினைத்தால் இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கரண்டியார் கைக்கொக்கிக் கயிற்றின் ஒரு முனையை வேப்பமரத்தில் கட்டிவிட்டு, மணிக்கட்டில் பட்டையை இறுக்கினார். அந்தப் பெண்ணின் புருஷன் குறுக்கே வந்து விழுந்தான். "யோவ், போய்யா! பொணம் எடுக்கற கொக்கி என் பொண்டாட்டி மேல படக் கூடாது!"

"இது புதுசுப்பா. ஒரு பொணத்து மேலயும் பட்டதில்ல. என் புள்ள மேல சத்தியம்."

"கயிறு வருது. நீ போ!"

கரண்டியார் கேட்கவில்லை. அழுத்தினார். கதையில் வந்த மாதிரியே கயிறு விர்ரென்று பாய்ந்தது. கொக்கி விரிந்து அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. கையை நீட்டினால் போதும்.

"புடிச்சிக்கோ தாயி! புடிச்சிக்கோ!"

அவள் கொக்கியைப் பார்த்தாள். மேலே அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வேணாண்ணே. உங்க கையால வேணாண்ணே."

பைப்பை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கரண்டியார் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே மிச்சச் சுவரும் சரிந்தது.

மண் அடங்கியபோது பைப்பும் இல்லை, அவளும் இல்லை. அதற்கப்புறம்தான் கயிறு வந்தது. தீயணைப்பு வண்டிக்காரர்களும் வந்து தேடிப் பார்த்தார்கள். அந்தச் சேற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் அதே புருஷன் கரண்டியார் முன்னால் வந்து கைகூப்பி நின்றான்.

"நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்ண்ணே."

கரண்டியார் கைக்கொக்கியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "இதுல மட்டும் வேணாம் சார்." பையிலிருந்து பழைய கரண்டியை எடுத்துக்கொண்டு கிணற்றங்கரைக்குப் போனார். அவள் வெளியே வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

என் மொபெட்டிலேயே திரும்பினோம். இன்ஸ்டிட்யூட் வாசலில் இறங்கியதும் கைக்கொக்கியை நீட்டினேன். வாங்கிக்கொள்ளாமல் கேட்டார்: "சார், நீங்க விழுந்திருந்தா, நான் போட்டத புடிச்சிருப்பீங்களா?"

"புடிச்சிருப்பேன்யா," என்றேன். ஆனால் உடனே சொல்லவில்லை. ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். அந்த ஒரு நொடியை அவர் கவனித்துவிட்டார். தலையை ஆட்டிக்கொண்டு நடந்தார். அதற்கப்புறம் கதை எழுதி வரவேயில்லை.

அவர் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. இப்போது கேளுங்கள் கரண்டியாரே, யோசிக்கவே மாட்டேன். ரெண்டு கையாலயும் புடிச்சிப்பேன்.