சாகக் கிடந்த போர்வீரனும் வாய் தொறக்காத வைத்தியச்சியும்

குத்தாலத்துல சாரல் விழுந்துட்டா தென்காசில எல்லாருக்கும் குளிரும். சிவனணைந்தபெருமாளு பொண்டாட்டி உலகம்மைக்கு மட்டும் வேர்க்கும். பின்ன? ஆலங்குளத்துலருந்து அவரு சொந்தக்காரக் கூட்டம் பூரா தோள்ல துண்டோட வந்து எறங்கிருமே! குளிக்கது அருவில, திங்கது இவ வீட்டுல.

அந்த வருசம் அவ சொல்லிட்டா. "சீசன் முடியுத மட்டும் நான் ராயகிரில எங்க அம்ம வீட்டுல இருக்கப் போறேன்."

பெருமாளு அடுப்படியத் திரும்பிப் பாத்தாரு. மனுசனுக்கு வெந்நி வைக்கக்கூட வராது.

அப்பதான் எதிர்வீட்டு சுப்புராமன் அமெரிக்காவுலருந்து லீவுல வந்திருந்தான். டப்பாவுல ஒரு ஆட்டம் கொண்டாந்திருந்தான். அவன் குகை, பூதம்னு கதை சொல்லுவான். நாம கதைக்குள்ள ஆளா மாறிச் சண்ட போடணும். தாயக்கட்டைக்கு இருவது மூஞ்சி! பெருமாளு திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "எங்க வகையறா கல்யாண போட்டோவுலகூட இத்தன மூஞ்சி இல்லலே!"

பாத்ததும் ஒரு யோசன பொறந்துட்டு.

"ஏட்டி, ஆடுவமா? நம்ம ரெண்டு பேருல எவரு முதல்ல சாகுதாகளோ அவுக தோத்தாச்சு. ஜெயிச்சவுக சொல்லுதபடி சீசன்."

"சரி"ன்னுட்டா உலகம்மை.

ஞாயித்துக்கெழம மத்தியானம், சாரல் தூவுது. பக்கத்து வீட்டு மசூது வில்லுக்காரன். பெருமாளு போர்வீரன். "பேரு எழுதிக்கோ. சிவனணைந்தபெருமாள்! என் பேருதான். கேட்டதும் பூதத்துக்குப் பேதி ஆவணும்."

"தொணைக்கு ஒரு ஆள் வேணும் அண்ணாச்சி"ன்னான் சுப்புராமன். "பாட்டுப் பாடி உசுப்பேத்தறவளா இருக்கலாம்..."

"இவளா? இவ பாடுனா பூதம் நிக்கும், நாங்க ஓடிருவோம்."

"மந்திரவாதி?"

"வேண்டாம்லே. சும்மாவே பயமா இருக்கு."

"அப்ப வைத்தியச்சிதான். கையில ஆயுதம் கெடையாது."

ஆயுதம் கெடையாதா! பெருமாளுக்கு வாயெல்லாம் பல்லு. இவ மொத அடியிலயே போயிருவா. போற வரைக்கும் நமக்குப் பத்து போடுவா. "அதையே குடு. வீட்டுல செய்யுத வேலதான்."

உலகம்மை கேட்டா, "வைத்தியச்சி என்ன செய்யணும் தம்பி?"

"அடிபட்டவா பேரச் சொல்லிக் கூப்பிடணும் அக்கா. எழுந்துடுவா."

"பேரச் சொல்லணுமோ?"

"கட்டாயம்."

"சரி, நான் வைத்தியச்சி"ன்னா. ஒரு சின்னச் சிரிப்பு.

குகைக்குள்ள போனாங்க. வவ்வாலு மசூதுவக் கடிச்சுது. "மசூது அண்ணாச்சி, எந்திரிங்க"ன்னா உலகம்மை. எந்திச்சுட்டாரு. "தங்கச்சி கைராசிக்காரிதான்!"

பூதம் வந்துது. பெருமாளு மீசைய முறுக்கிக்கிட்டுக் கட்டைய உருட்டுனாரு. ஒண்ணு விழுந்துது, இருவதுலயே மட்டமானது. பூதம் கதாயுதத்தத் தூக்கி அவரு மண்டையிலயே போட்டுட்டு!

"அண்ணாச்சி, உசிரு இழுத்துண்டு கெடக்கு. கொஞ்ச நேரந்தான் தாங்கும், அதுக்குள்ள அக்கா கூப்பிட்டா பொழச்சிருவீங்க."

"ஏட்டி, கூப்பிடு!"

உலகம்மை முந்தானையால வாயப் பொத்திக்கிட்டா. "அய்யய்யோ! கட்டுன புருசன் பேரயா? சொன்னா உங்க ஆயுசு கொறஞ்சிரும்லா!"

பெருமாளு கையெடுத்துக் கும்புட்டாரு. "சொல்லாட்டிச் செத்துருவேன்ட்டி!"

"கல்யாணமான மறுநாளு உங்க அம்மதான சொல்லித் தந்தாவ? ரேசன் கடையிலகூட நான் சொன்னதில்ல. பக்கத்துல நிக்கவுகள விட்டுல்லா சொல்லச் சொல்லுவேன்?"

"நான் சொல்லட்டுமா வே?"ன்னாரு மசூது.

"வைத்தியச்சிதான் சொல்லணும்"ன்னான் சுப்புராமன்.

"ஏலே, சட்டத்த மாத்துலே! அவ என்னிய 'இங்கேருங்க'ன்னுதான் கூப்பிடுவா. அது போதும்னு மாத்து!"

சுப்புராமன் தலையச் சொறிஞ்சான். "சரி, அதுவும் செல்லும். அக்கா, 'இங்கேருங்க' சொல்லுங்கோ."

எல்லாரும் உலகம்மை வாயப் பாத்தாங்க. விடிஞ்சா அடைஞ்சா நூறு வாட்டி 'இங்கேருங்க' சொல்லுதவ. உப்புக்கு ஒண்ணு, புளிக்கு ஒண்ணு. அன்னைக்கு? வாயே தொறக்கல! ஆற அமர வெத்தல மடிச்சா. சுண்ணாம்பு தடவுனா. போட்டு மென்னா.

"ஏட்டி! எம்மா! தாயீ!"

"செத்தாச்சு அண்ணாச்சி"ன்னான் சுப்புராமன்.

பெருமாளு கண்ணு நட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. வாசல்ல ஆட்டோச் சத்தம். ஆலங்குளத்துக் கூட்டம் ஈரத்துண்டோட எறங்குது. "மதினி, பசி உசிரு போவுது!"

உலகம்மை ராயகிரிக்குப் பையத் தூக்கிட்டா.

"ஏட்டி, இது அநியாயம்ட்டி! நான் என்ன சொல்லுதேன்னா..."

"செத்தவுக எதுக்குப் பேசுதீய? எந்திச்சுப் போயி உலையில அரிசியப் போடுங்க."